பரணில் கிடந்த பாந்தர்

வணக்கம்.

சின்ன வயதில் பிளாஸ்டிக் டாங்கிகள் ஒட்டியதையும் இப்போது மறுபடி ஒட்டுவதையும் பற்றி ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த நாலு வரியை நம்பித்தான் இந்தக் கடிதம்.

எனக்கு 52 வயது. கொட்டாஞ்சேனையில் அம்மாவின் வீட்டைத் திருத்தும்போது பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்கியது. நான் பாதியில் விட்ட டமியா பாந்தர், இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கியின் பிளாஸ்டிக் கிட்டு, நிஜத்தின் 35இல் ஒன்று அளவு. கப்பலில் வேலை செய்த மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ஓ.எல். சோதனை வருகிறது என்று அப்பா எடுத்து மேலே வைத்தார். பிறகு ஏ.எல்., டியூஷன், வேலை, கல்யாணம். பெட்டியைத் திறந்தால் ரப்பர் சங்கிலி சில்லுகளோடு உருகி ஒட்டிப்போய்க் கிடக்கிறது. ஸ்டிக்கர் தாள் மஞ்சளாகிவிட்டது. இதைக் காப்பாற்ற முடியுமா, இல்லை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதா? கண்ணும் முன்னைப்போல இல்லை.

இன்னொன்று. 2009 வரை வன்னியில் இருந்த அக்கா இப்போது எங்களோடு இருக்கிறார். மேசையில் பாந்தரைப் பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அதன்மேல் ஒரு குசினித் துவாய் போர்த்தியிருந்தது. வேலை செய்யும்போது துவாயை எடுப்பேன். முடிந்ததும் அதே துவாயால் மூடிவிடுவேன். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. நான் செய்வது சரியா?

வாசகர் ஒருவர், கொழும்பு 13

*

அன்புள்ள நண்பருக்கு,

ஓ.எல். சோதனைக்காக விட்டேன் என்று எழுதினீர்களே, அந்த இடம் எனக்கு நன்றாகப் பிடித்தது. எங்கள் ஆட்களிடம் எதை ஏன் விட்டாய் என்று கேட்டால் 83 என்போம், 90 என்போம், 95 என்போம். பாதி உண்மை. மற்றப் பாதி டியூஷன்தான். நான் விட்டதும் யுத்தத்தால் அல்ல. பசை வாங்குகிற காசில் சிகரெட் வாங்கத் தொடங்கினேன், அவ்வளவுதான். திரும்பி வந்தது 2020 மார்ச்சில், ஊரடங்கு போட்ட பிறகு. மகனுக்கென்று வாங்கி அவன் திறந்தும் பார்க்காத ஷெர்மன் டாங்கிக் கிட்டு ஒன்று அலுமாரிக்குள் இருந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் அதை எடுத்தேன். இரவு பதினொன்றரைக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் நிமிர்ந்தேன்.

உங்கள் பாந்தருக்கு வருகிறேன். அப்பாவில் பிழையில்லை. அந்தச் சங்கிலி பார்வைக்குத்தான் ரப்பர். உண்மையில் அது வினைல். வளைந்து கொடுப்பதற்காக எண்ணெய் மாதிரியான ஒரு பொருளை அதில் கலப்பார்கள். காலம் போகப் போக அது மெல்ல வெளியே கசியும். சில்லு பொலிஸ்டைரீன், அந்த எண்ணெய் பட்டால் கரைகிற சாதி. ஓட்டுக்குக் கீழே இருக்கிற பரண் சூடு காரியத்தை இன்னும் விரைவாக்கியிருக்கும். சங்கிலியைக் கழற்றித் தனியாக ஒரு பையில் போட்டு வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிராது. பதினாறு வயதில் யாருக்கு அது தெரியும்?

அவசரப்பட்டுச் சங்கிலியைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். சில்லின் விளிம்பு அதோடு சேர்ந்து வந்துவிடும். என்னுடைய பாந்தர் ஒன்றில் நான் ஒருமுறை இழுத்தேன். கடித்துவிட்டு வைத்த பிஸ்கட் மாதிரி நாலு சில்லு மிஞ்சியது. கூரான பிளேடால் சங்கிலியைத் துண்டு துண்டாக அறுங்கள். ஒட்டியிருக்கிற பகுதியைச் சில்லிலேயே விட்டு, பிறகு ஆறுதலாகச் சீவி எடுங்கள். அடியில் ஒரு குழி இருக்கும். அதைப் பட்டி வைத்து அடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, வட்டம் கெடாமல் உரசுங்கள். அதற்கென்று விற்கிற உரசுதாள் எதுவும் வேண்டாம். புறக்கோட்டை நடைபாதையில் பெண்கள் நகம் உரசுகிற அட்டை கிடைக்கிறது, அதைவிட நல்லது எனக்கு இன்னும் அகப்படவில்லை. சங்கிலிக்கு வேறு கொம்பனிகள் தனியாகப் போடுகிற பிளாஸ்டிக் கண்ணிச் சங்கிலி வாங்கலாம். ஆனால் பாந்தருக்கு ஒரு பக்கத்துக்கே 80க்கு மேல் கண்ணி. கண் பற்றி எழுதியிருக்கிறீர்கள், யோசித்துச் செய்யுங்கள்.

எல்லாம் செய்தும் சில்லு அசிங்கமாகத் தெரிந்தால் சேறு இருக்கவே இருக்கிறது. ஆனால் முற்றத்து மண்ணை அள்ளிப் பூசக்கூடாது. நான் வெள்ளவத்தைக் கடற்கரை மணலைப் பூசிப் பார்த்தேன். 35இல் ஒன்று என்றால் 1 மில்லிமீற்றர் மணல் அங்கே 35 மில்லிமீற்றர் கல். டாங்கி கருங்கல் குவாரிக்குள் விழுந்து எழும்பியது போல இருந்தது. வர்ணத் தூள், கொஞ்சம் பட்டி, பழைய பிரஷ், இவ்வளவும் போதும். மஞ்சளான ஸ்டிக்கரை யன்னல் கண்ணாடியில் வெயில் படுகிற பக்கமாக ஒட்டி ஒரு கிழமை விடுங்கள், மஞ்சள் பெரும்பாலும் போய்விடும். ஒட்டுவதற்காகத் தண்ணீரில் போடுவதற்கு முன் மேலே ஒரு பூச்சு வார்னிஷ் அடிக்க மறக்க வேண்டாம். அந்த வயதுத் தாள் தண்ணீரில் பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

பாந்தரைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். தேவையில்லாத ஓட்டைகள் இருக்கும். மோட்டருக்கும் சுவிட்சுக்கும் விட்ட ஓட்டைகள் அவை. அந்தக் காலத்துக் கிட்டுகள் பலவும் ஓடுகிற பொம்மையாகவும் இருக்க வேண்டியிருந்தது. டமியா, 1946இல் ஜப்பானின் ஷிசுவோக்காவில் மர வியாபாரமாகத் தொடங்கிய கொம்பனி. 60களின் தொடக்கத்தில் அவர்கள் தங்கள் முதல் டாங்கியைச் செய்தபோது எடுத்துக்கொண்டதும் பாந்தரைத்தான். மோட்டரும் பற்றரியும் உள்ளே அடங்கவேண்டும் என்று உடலின் அளவைத் தீர்மானித்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அது ஏறக்குறைய 35இல் ஒன்றாக வந்தது. இன்று ஊர் உலகத்தில் பல கொம்பனிகளும் பின்பற்றுகிற விகிதம் ஒரு பற்றரியின் பருமனால் வந்தது என்று நினைக்க எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். அந்த ஓட்டைகளை அடைக்காதீர்கள். அடியை யார் பார்க்கப் போகிறார்கள்?

எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதா என்ற கேள்விக்கு, எறியவும் வேண்டாம், முதலில் அதைக் கட்டவும் வேண்டாம் என்பேன். கை பழகுவதற்கு ஒரு சின்னது எடுங்கள். திரும்பி வருகிற எல்லாரும் செய்கிற பிழை ஒன்று இருக்கிறது. அன்றைக்கு வாங்க முடியாத காசு இன்றைக்குக் கையில் இருக்கிறது என்று உள்ளே எஞ்சின், ஆசனம், குண்டு அடுக்கு எல்லாம் இருக்கிற ஆயிரம் துண்டுப் பெட்டியை வாங்குவது. பாதியில் நிற்கும். நான் அப்படி ஒரு டைகர் டாங்கியை நிறுத்தி வைத்திருக்கிறேன். 48இல் ஒன்று அளவில் டமியாவே எளிமையான டாங்கிகள் போடுகிறது. இரண்டு சனி ஞாயிறில் முடியும், பிளாட் வீட்டு மேசையிலும் அடங்கும்.

கண்ணுக்கு நெற்றியில் மாட்டுகிற பூதக்கண்ணாடி. அதை வாங்க ஒரு வருடம் வெட்கப்பட்டேன். போட்ட அன்றைக்குத்தான் அதுவரை ஒட்டியவை எவ்வளவு கோணல் என்று தெரிந்தது.

இங்கே வாங்குவது சிரமம்தான், மறைக்கவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது நான் இணையக் கடையில் கூடைக்குள் போட்டு வைத்திருந்த கிட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். இப்போதும் லண்டனிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ வருகிறவர்கள்தான் கதி. பெட்டி இடத்தை அடைக்கும் என்று முகம் சுளிப்பார்கள். பெட்டியைத் தட்டையாக மடித்து, துண்டுகளைப் பையில் போட்டு, உடுப்புக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். பசையும் எனாமல் பெயின்டும் மட்டும் கேட்காதீர்கள். தீப்பிடிக்கிற சாமான், விமானத்தில் விடமாட்டார்கள். தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் பெரும்பாலும் பிரச்சினையில்லை.

அக்ரிலிக்குக்கும் கொழும்புக்கும் ஒரு தனிப் பகை உண்டு. ஃபேன் போட்டால் பெயின்ட் பிரஷ்ஷிலேயே காயும், தூசி வந்து ஒட்டும். ஃபேனை நிறுத்தினால் நெற்றி வேர்வை நேரே டாங்கியின் கோபுரத்தின் மேல் சொட்டும். நான் நிறுத்திவிட்டுத் தலையில் துவாய் கட்டிக்கொள்வேன். காயும் வேகத்தைக் குறைக்கிற திரவம் ஒரு துளி கலந்தால் பிரஷ் தடம் தெரியாது. மழை இருட்டுகிறபோது வார்னிஷ் ஸ்பிரே அடிக்கக்கூடாது. காற்றில் இருக்கிற ஈரம் உள்ளே மாட்டி, காலையில் பார்த்தால் டாங்கி திருநீறு பூசிக்கொண்டு நிற்கும்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள் அல்லவா, காற்றால் பெயின்ட் தெளிக்கிற ஏர்பிரஷ்ஷைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கையால் பூசப் பழகியது அப்போதுதான். மெழுகுதிரி எப்படியும் எரிந்துகொண்டிருந்தது. துண்டுகளை வெட்டியபின் மிஞ்சுகிற பிளாஸ்டிக் குச்சியை எடுத்து, சுடருக்கு மேலே, சுடரைத் தொடாமல் உருட்டுங்கள். நடுப்பகுதி பளபளக்கும், பிறகு லேசாகத் தொய்யும். அப்போது வெளியே எடுத்து, ஒரு மூச்சு பொறுத்து, இரண்டு கையாலும் இழுங்கள். தலைமயிர் தடிப்பில் ஒரு கம்பி வரும். அதுதான் அன்டெனா. வேகமாக இழுத்தால் மெல்லிசு, மெதுவாக இழுத்தால் தடிப்பு. அந்தக் கிழமை தேவைக்கு மேலே ஒரு கோப்பை நிறைய இழுத்து வைத்தேன். இன்னும் முடியவில்லை.

இனி அக்கா.

எனக்கும் இந்தக் கேள்விக்குத் தயாராக ஒரு பதில் இருந்தது. வரலாற்று ஆர்வம், கைவேலை, வெறும் பிளாஸ்டிக். இரண்டொரு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். வாயிலிருந்து வந்தபோது எனக்கே அப்புக்காத்துப் பேச்சாகக் கேட்டது.

மூன்று வருடத்துக்கு முன் என் மச்சாள் ஒருவர் கிளிநொச்சியிலிருந்து கண் காட்ட வந்து எங்களோடு ஒரு கிழமை நின்றார். ஷெர்மனுக்குத் துரு பூசிக்கொண்டிருந்தேன். உங்களைப் போல மூட வேண்டும் என்ற யோசனை எனக்கு வரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தவர், கனநேரம் பார்த்துவிட்டு, "இது வாறது காதுக்கு முதல் தெரியாது. நிலம்தான் முதல் சொல்லும்" என்றார். பங்கருக்குள் இருந்தால் உள்ளங்காலில் தெரியுமாம். நான் பிரஷ்ஷைக் கழுவுகிற மாதிரிக் கழுவிக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் பொறுத்து, "உதுக்குள்ளை எத்தினை பேர் இருக்கிறவங்கள்?" என்று கேட்டார். ஐந்து பேர் என்றேன். மூடியைத் திறந்து யார் எங்கே இருப்பான் என்று காட்டினேன். சாரதி, பக்கத்தில் ஒருவன், மேலே மூன்று பேர். "கடவுளே, அவிஞ்சு போயிருப்பாங்கள்" என்றார். பிறகு எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. பிறகு அவர் இருந்த நாட்களில் நான் அந்த மேசையில் வேலை செய்யவில்லை என்பது உண்மை.

1916 செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்சில் சொம் ஆற்றுப் பக்கம் முதன்முதலாக டாங்கியைச் சண்டைக்கு விட்டார்கள். அதுவரை இரகசியம் காக்க, தண்ணீர் கொண்டுபோகிற வண்டி என்று தொழிலாளிகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். டாங்க் என்ற பெயர் அப்படி நிலைத்தது. இங்கே ஆங்கிலத்தில் இரணைமடுக் குளமும் டாங்க்தான். இதற்கும் நீங்கள் கேட்டதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் மச்சாள் போன பிறகு அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன்.

நான் கட்டாத டாங்கி ஒன்று உண்டு. டி-55. சோவியத் வடிவமைப்பு, அதற்கு முந்திய டி-54ஐயும் சேர்த்தால் உலகத்தில் அதிகம் செய்யப்பட்ட டாங்கி வரிசை. மிக நல்ல கிட்டுகள் இருக்கின்றன. நண்பர் ஒருவர் பிறந்தநாளுக்குத் தந்தது அலுமாரிக்கு மேலே பொலித்தீன் கழற்றாமல் இருக்கிறது. இந்த நாட்டில் ஓடியது அது, மச்சாளின் உள்ளங்காலில் தெரிந்ததும் அதுவாக இருக்கலாம். அப்படியென்றால் பாந்தர் மட்டும் பரவாயில்லையா, 1943இல் அது போன ஊர்க்காரர் என்ன சொல்வார் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால், டி-55ஐக் கட்டுவதில்லை என்று நான் வைத்த விதி ஆடும். ஆடினாலும் அதை வைத்திருக்கிறேன்.

ஆகவே, துவாயை எடுக்க வேண்டாம். அது ஒரு குற்றச்சாட்டு என்று நீங்கள் நினைப்பது போல எழுத்தில் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபம் இருந்தால் பெட்டி மறுபடி பரணுக்குப் போயிருக்கும். அப்பா செய்ததும் அதுதானே. அக்கா மூடி வைத்தார், நீங்களும் மூடி வைக்கிறீர்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர் கதைக்காமல் செய்துகொள்கிற ஒழுங்குகள் பல, அதில் இதுவும் ஒன்று. அவராகக் கேட்டால் மட்டும் காட்டுங்கள். கேட்காவிட்டால் கிட்டத்தில் போய் விளக்க வேண்டாம். வெறும் பிளாஸ்டிக் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு காரியம். இழுத்து முறித்த பாந்தர் ஒன்று என்னிடம் இருக்கிறது என்றேன் அல்லவா, அதன் மற்றச் சில்லுகள் உதிரிப் பெட்டிக்குள் சும்மா கிடக்கின்றன. உங்களுடையதில் எத்தனை உருகியிருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். வெளி வரிசையா உள் வரிசையா என்பதையும் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல.