'செக்ரட்டரி' என்றதும் மாமா சிரித்த படிப்பு

அண்ணா, அக்கா இருவருக்கும்,

ஞாயிற்றுக்கிழமை மகளின் மேற்படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்க பவானியிலிருந்து வந்து உட்கார்ந்ததும் மஞ்சப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தீர்கள். ஒன்று, ஒரு தனியார் எம்பிஏ கல்லூரியின் வழவழப்பான கையேடு. இன்னொன்று, ஒன்றேகால் ஏக்கர் நிலத்தின் பத்திர நகல். "பாப்பாவுக்கு ஃபைனான்ஸ்னா உசுருங்க, அதான் அவ மாமா இந்தக் காலேஜைச் சொன்னார்" என்றீர்கள். முதல் பத்து நிமிடம் நானும் "பார்க்கலாம், பயப்படாதீங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தப் பத்திர நகலைப் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் கறாராக இருக்கிறது.

நிலத்தை அடமானம் வைத்து இந்தப் படிப்பு வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். கட்டணம் 18 லட்சம். 11 சதவீத வட்டியில் ஏழு வருடத்தில் அடைப்பதாக வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 30,800 ரூபாய். படிக்கிற இரண்டு வருடத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. பெங்களூரில் வேலை கிடைத்து, கைக்கு 40,000 வந்தால், மிச்சம் 9,200. அதில் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ். கையேட்டில் 'அதிகபட்ச சம்பளம்' கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது ஒரே ஒரு பிள்ளை வாங்கியது. வகுப்பை சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்கும் பிள்ளைக்கு எவ்வளவு கிடைத்தது என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். ஐஐஎம்-இல் இடம் கிடைத்திருந்தால் நானே கடன் வாங்கச் சொல்லியிருப்பேன். இது ஐஐஎம் இல்லை.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். எம்பிஏ பிடிக்குமா என்று கேட்டதற்கு "மாமா சொல்றாங்க" என்றாள், அவ்வளவுதான். ஆனால் அவள் பையிலும் ஒரு காகிதக் கட்டு இருந்ததை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. ஏதோ ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தாள். லாப நஷ்டக் கணக்குப் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. பின்னால் பொடி எழுத்தில் வருமே, சம்பந்தப்பட்டவர்களோடு செய்த வரவு செலவு பற்றிய குறிப்பு, அங்கே பென்சிலில் எழுதியிருந்தாள்: "டைரக்டர் கட்டடத்துக்கே கம்பெனி வாடகை. இது வெளி வாடகைதானா?" பி.காம். மூன்றாம் ஆண்டில், யாரும் சொல்லாமல் அவளே கேட்ட கேள்வி இது. வெளியாளுக்குக் கொடுக்கிற விலைதானா இது என்று கம்பெனிகள் சட்டம் 2013-இன் 188-ஆவது பிரிவும் இதைத்தான் கேட்கிறது.

சிஏ, பேங்க் பரீட்சை பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதைச் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நான் சொன்னது சிஎஸ், கம்பெனி செக்ரட்டரி படிப்பு. போன் ஸ்பீக்கரில் இருந்த மாமா சிரித்தார். "முதலாளி ரூமுக்கு வெளிய டைப் அடிக்கிற வேலைங்களா?" பெயரால் வந்த வினை. இந்த ஒரு சொல்லுக்காகவே எத்தனையோ வீடுகளில் இந்தப் படிப்பைத் தள்ளிவிடுகிறார்கள்.

அதே மாமா அரை மணி நேரம் முன்பு தன் திருப்பூர் பனியன் கம்பெனி 80 கோடி டர்ன்ஓவர் என்றார். பிரைவேட் லிமிடெட். விற்றுமுதல் 50 கோடியைத் தொட்டாலே, அரசுக்குப் போடும் வருடாந்திர ரிட்டர்னை (வரிக் கணக்கு இல்லை, பங்குதாரர், டைரக்டர் விவரம் சொல்வது) வெளியில் தொழில் செய்யும் ஒரு சிஎஸ் சரிபார்த்துச் சான்று தர வேண்டும். செலுத்தப்பட்ட மூலதனம், அதாவது பங்குதாரர்கள் பங்குக்காகக் கட்டிய பணம், 10 கோடியோ அதற்கு மேலோ இருக்கிற கம்பெனி, முழுநேர சிஎஸ் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தே ஆக வேண்டும். ஷேர் மார்க்கெட்டில் இருக்கிற கம்பெனி என்றால் மூலதன அளவே பார்ப்பதில்லை. அந்த நாற்காலி காலியானால் கம்பெனிகள் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும்; ஷேர் மார்க்கெட் கம்பெனிக்கு செபி விதிப்படி மூன்றே மாதம்.

வேலை எப்படி இருக்கும் என்று அக்கா கேட்டீர்கள். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். முதலீட்டாளர் ஒருவர் 4 கோடி போடுகிறேன் என்கிறார். அவருக்கு எத்தனை பங்கு கொடுப்பது? கம்பெனி இன்று 36 கோடி பெறும் என்றால், பணம் வந்தபின் 40 கோடி, அவர் பங்கு பத்து சதவீதம். அந்த 36 எங்கிருந்து வந்தது என்பதில்தான் சண்டையே. வரப்போகிற வருடங்களின் பணவரவைக் கணித்து இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்க்கலாம், சொத்தில் கடனைக் கழித்துப் பார்க்கலாம், இதே மாதிரி கம்பெனிகள் என்ன விலைக்குப் போகின்றன என்றும் பார்க்கலாம். எப்படிப் பார்த்தாலும் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். பிறகு பங்குதாரர் கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம், முதலீட்டாளரைப் பங்கு வாங்க அழைக்கும் கடிதம், பணம் வாங்கத் தனி வங்கிக் கணக்கு. பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 15 நாளுக்குள், ஒதுக்கிய விவரத்தை அரசுக்குச் சொல்லும் பிஏஎஸ்-3 என்ற படிவத்தைப் போட வேண்டும். அந்தப் படிவம் போகும்வரை 4 கோடியில் ஒரு ரூபாயைத் தொடக்கூடாது. முதலாளி மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கத் துடிப்பார். "இன்னும் முடியாதுங்க சார்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிற ஆள்தான் சிஎஸ். உங்கள் பாப்பா சொல்லுவாள், எனக்குச் சந்தேகமில்லை.

ஆண்டுக் கணக்கையும் ரிட்டர்னையும் நேரத்துக்குப் போடாவிட்டால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம், உச்சவரம்பு கிடையாது. இரண்டு படிவம் ஒரு வருடம் தூங்கினால் 73,000. மூன்று வருடம் தொடர்ந்து போடாமல் விட்டதற்காக 2017-இல் நாடு முழுக்க மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்களைத் தகுதியிழந்தவர்கள் என்று அரசு அறிவித்தது. மாமாவைக் கேளுங்கள், திருப்பூரில் தெரிந்தவர் யாராவது அதில் மாட்டியிருப்பார்.

இந்தப் படிப்பை நடத்துவது இந்தியக் கம்பெனி செக்ரட்டரிகள் இன்ஸ்டிடியூட். படிப்பின் வரிசை இது. பிளஸ் டூ முடித்தவர்களே எழுதக்கூடிய நுழைவுத் தேர்வு, பிறகு எக்சிக்யூட்டிவ் என்ற கட்டத்தில் ஏழு தாள், புரொஃபஷனல் என்ற கட்டத்தில் ஏழு தாள், 21 மாதப் பயிற்சி. புரொஃபஷனலில் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் ஒரு தாளில் வருகிறது. கம்பெனி சீரமைப்பு, மதிப்பீடு, திவால் மூன்றும் சேர்ந்து தனியாகவே ஒரு தாள். அவள் எம்பிஏ-வில் தேடுவது அதுதான். இன்ஸ்டிடியூட்டில் உறுப்பினராகி மூன்று வருட அனுபவம் வந்தபின், 50 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் முடித்தால், பங்குகளுக்கும் நிதிச் சொத்துகளுக்கும் அவளே பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆகலாம். தனியாக ஆபீஸ் போட்டால் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் கட்சிக்காரருக்காக ஆஜராகவும் முடியும். இன்ஸ்டிடியூட் கட்டணம் ஒவ்வொரு படியிலும் ஆயிரங்களில்தான். சென்னையில் நுங்கம்பாக்கத்தில் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது, கோவையிலும் சேலத்திலும் கிளைகள் உண்டு.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தேர்வைத் தமிழில் எழுத முடியாது; சட்ட ஆங்கிலம் பல்லை உடைக்கும். ஒரே முயற்சியில் எல்லாத் தாளும் தேறுவது அரிது, ஒன்றிரண்டு தங்கும். அப்போது சொந்தக்காரர்கள் "இன்னுமா படிக்கிறா?" என்று கேட்பார்கள். பயிற்சிக் காலத்தில் தருவது கைச்செலவுக்குத்தான் வரும். மூன்று நான்கு வருடம் கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருக்க உங்களால் முடியுமா என்பதையும் நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். அதில் நான் தலையிட முடியாது, ஆனால் பாதியில் நிறுத்துவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பத்திர நகலை இங்கேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். டிராயரில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். மாமா வரவேண்டாம், பாப்பாவை மட்டும் அழைத்து வாருங்கள். அந்த ஆண்டறிக்கையையும் எடுத்துவரச் சொல்லுங்கள். வாடகைக் குறிப்புக்கு அடுத்த பக்கத்திலும் அவள் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள், அதை நான் கேட்கவே இல்லை.