வாசகர் கேள்வி – பதில்: கேஸ் பிஸ்டல் வாங்கும் முன்

கேள்வி: வார இறுதிகளில் வீட்டின் பின்புறத்தில் இலக்கு வைத்துச் சுட்டுப் பழக, 100 டாலருக்குள், குப்பியில் அடைத்த கேஸின் அழுத்தத்தால் சுடும் கேஸ் பிஸ்டல் ஒன்றை வாங்க விரும்புகிறேன். கடையில் நிஜத் துப்பாக்கியைப் போலவே இருக்கும், எஃகுக் குண்டு சுடும் மாடலைக் காட்டினார்கள். நியூஜெர்சி மாநிலத்தின் எடிசனில் இருக்கும் என் மைத்துனரோ இதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்கிறார். எதை வாங்கலாம்? ஊருக்கு வரும்போது மதுரையில் இருக்கும் தம்பிக்குக் கொண்டுவரலாமா?
– ஒரு வாசகர், டல்லஸ், டெக்சாஸ்

பதில்: கடைக்காரர் காட்டியதை வாங்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. அந்த வகைத் துப்பாக்கிகளின் குழல் பெரும்பாலும் உட்புறம் வழவழப்பாக இருப்பதால் குண்டு சுழலாமல் செல்கிறது. அதனால் குறி எளிதில் சிதறும். எஃகுக் குண்டு கெட்டியான பரப்பில் பட்டால் சுட்டவரை நோக்கியே தெறித்துத் திரும்பவும் கூடும். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு என்னும் மேல்பகுதி பின்னால் போய் வருவதற்கும் கேஸ் செலவாகும் என்பதால், ஒரு குப்பிக்குக் கிடைக்கும் சுடுகளின் எண்ணிக்கையும் குறைந்துவிடும்.

உங்கள் தொகைக்கு கிராஸ்மேன் 2240 போன்ற, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஈய பெல்லட்டை (சிறு குண்டை)க் கையால் போட்டுச் சுடும் பிஸ்டல் போதும். அதன் குழல் 0.22 அங்குல அளவுடையது, உள்ளே குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரிகள் உண்டு, 12 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு குப்பியில் இயங்குகிறது, பெல்லட்டின் வேகம் விநாடிக்கு 460 அடி வரை. பார்வைக்கு எளிமையானதுதான். ஆனால் ஒவ்வொரு சுடுக்கும் போல்ட் என்னும் தாழை இழுத்து, பெல்லட்டை வைத்து, மூச்சை நிதானப்படுத்தி விசையை அழுத்த வேண்டியிருப்பதால், கை தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

இந்தக் கேஸின் குணத்தை அறிந்துகொள்வது முக்கியம். குப்பிக்குள் கார்பன் டை ஆக்ஸைடு பெரும்பகுதி திரவமாகவே இருக்கிறது. சுடும்போது வெளியேறும் வாயுவை ஈடுசெய்யத் திரவம் ஆவியாகி, அந்த ஆவியாதலாலேயே குப்பி குளிர்ந்து அழுத்தம் இறங்குகிறது. இடைவெளியின்றிப் பத்துப் பன்னிரண்டு முறை சுட்டுவிட்டுக் குழலுக்குக் கீழேயுள்ள உருளையைத் தொட்டுப் பாருங்கள்: சில்லென்றிருக்கும், வெடிச் சத்தம் மங்கியிருக்கும், பெல்லட்டுகள் இலக்கில் மெல்ல மெல்லக் கீழிறங்கியிருக்கும். அது உங்கள் கையின் பிழையன்று. ஒவ்வொரு சுடுக்கும் நடுவே 15, 20 விநாடிகள் விட்டால் சரியாகிவிடும். ஒரு காலத்தில் போட்டிகளிலும் இக்கேஸைப் பயன்படுத்திய வீரர்கள், வெப்பநிலைக்கேற்ப வேகம் மாறும் இந்தக் குணத்தால்தான் அழுத்தக் காற்றுக்கு மாறினார்கள். டெக்சாஸ் கோடையில் குப்பிகளைக் காருக்குள் விட்டுவைப்பது பேராபத்து. புதுக் குப்பி போடும்போது அதன் முனையில் இவ்வகைத் துப்பாக்கிகளுக்கென்றே விற்கும் எண்ணெயில் ஒரு துளி விடுங்கள். சீல் வளையம் நெடுநாள் உழைக்கும்.

10 மீட்டர் தூரம் போதும். சர்வதேசப் போட்டிகளின் ஏர் பிஸ்டல் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர், அதே அட்டையை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். அதன் பின்னால், மின்கடைகளில் கிடைக்கும் டக்ட் சீல் என்னும் பிசின்மண் நிரப்பிய கனமான பெட்டியை வைத்தால் ஈயம் அதிலேயே புதைந்துகொள்ளும். பாதுகாப்புக் கண்ணாடியைச் சுடுபவர் மட்டுமன்றி உடன் நிற்கும் பிள்ளைகளும் அணிய வேண்டும். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயம் நஞ்சு.

உங்கள் மைத்துனர் சொல்வது அவருடைய மாநிலத்துக்குச் சரி. அமெரிக்க மத்தியச் சட்டம் ஏர் பிஸ்டலை (கேஸ் பிஸ்டலும் இதில் அடங்கும்) துப்பாக்கியாகக் கருதுவதில்லை. நியூஜெர்சி சட்டமோ கருதுகிறது, எனவே அங்கே அனுமதிச் சீட்டு தேவை. டெக்சாஸில் அது தேவையில்லையென்றாலும், வீட்டு எல்லைக்குள் சுடுவதற்கு உங்கள் நகராட்சியின் விதி இடம் தருகிறதா என்று முதலில் கேட்டறியுங்கள். எக்காரணம் கொண்டும் அதைத் தெருவில் வெளித்தெரிய எடுத்துச் செல்லாதீர்கள். 2014-இல் கிளீவ்லாந்தில், பிளாஸ்டிக் குண்டு சுடும் போலித் துப்பாக்கியை வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைக் காவலர் ஒருவர் சுட்டதில் அவன் உயிரே போயிற்று.

தம்பிக்குக் கொண்டுவர வேண்டாம். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் 0.177 அங்குல அளவைத் தாண்டினாலோ, 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இருந்தாலோ ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவை. 2240 அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. கேஸ் குப்பிகளை விமானத்தில் ஏற்றவும் விடமாட்டார்கள். தம்பிக்கு உண்மையிலேயே ஆர்வமிருந்தால், மதுரையிலேயே உள்ள ரைபிள் கிளப்பில் சேர்ந்து பயிற்சியாளரிடம் முறையாகத் தொடங்கட்டும்.