பற்றரியை மாற்றியும் அணையாத லைட்

கேள்வி: வணக்கம் அண்ணா, நான் உப்புவெளியில் இருக்கிறேன். பழைய ஜப்பான் கார் ஒன்று வாங்கி எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் எஞ்சின் லைட் எரிந்தது. கராஜில் ஸ்கேன் பண்ணிவிட்டு, பி 0516, பற்றரிக் கோளாறு என்று புதுப் பற்றரி போட்டார்கள். இரண்டு நாள் லைட் வரவில்லை, மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டது. இப்போது பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் அல்டனேற்றரை மாற்றச் சொல்கிறார்கள், அதிலும் சரிவராவிட்டால் கொம்பியூட்டர் பெட்டியாம். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம் தம்பி. அளந்து பார்க்கும் வரைக்கும் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள்.

பி 0516 என்பது பற்றரி பழுது என்று சொல்லும் இலக்கம் இல்லை. பற்றரியின் சூட்டை அளக்க ஒரு சின்னச் சென்சர் இருக்கிறது, அதற்கும் கொம்பியூட்டருக்கும் இடையில் ஓடும் வயரில் வோல்ட் அளவு மிகவும் கீழே போய்விட்டது என்பதுதான் அதன் அர்த்தம். மேலே போனால் 0517 வரும். குற்றம் சென்சரில் இருக்கலாம், சொக்கெட்டில் இருக்கலாம், வயரில் இருக்கலாம், அபூர்வமாகக் கொம்பியூட்டரிலும் இருக்கலாம். அந்த இரண்டு நாள் லைட் வராததற்கும் காரணம் இதுதான்: பற்றரியைக் கழற்றினால் பல கார்களில் பதிவான இலக்கம் அழிந்துவிடும். பழுது தீர்ந்த மாதிரித் தெரியும், ஆனால் தீர்ந்திருக்காது. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் காசைக் கொட்டுகிறார்கள், எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்தச் சென்சருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின் தடை குறையும் ஒரு பொருள். கொம்பியூட்டர் 5 வோல்ட் அனுப்பி, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துச் சூட்டைக் கணக்குப் போடும். சூடான பற்றரிக்குக் குறைந்த வோல்ட்டில் சார்ஜ் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வற்றிவிடும். நமது திருகோணமலை வெயிலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் லைட்டை அப்படியே விட்டுவிட்டும் ஓடாதீர்கள்.

சரி, சோதிப்பது எப்படி? ஓடும் நேரத்து அளவுகளைக் காட்டும் ஸ்கேனர் உள்ளவரிடம் போங்கள். சாவியைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் பற்றரிச் சூடு எவ்வளவு என்று பாருங்கள், 0516 இருந்தால் நம்ப முடியாத பெரிய சூடு காட்டும். இப்போது சென்சரின் சொக்கெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். காட்டும் சூடு ஒரேயடியாக மைனஸ் 40 பக்கம் விழுந்தால் வயரும் கொம்பியூட்டரும் நல்லாயிருக்கிறது, சென்சர்தான் உள்ளே ஷோர்ட். கழற்றியும் அசையாமல் நின்றால் பெரும்பாலும் வயர் எங்கேயோ காரின் உலோக உடம்பில் முட்டுகிறது. 0517 வந்தால் வேலை தலைகீழ், கழற்றிய சொக்கெட்டின் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

போன வருடம் உவர்மலையில் சொந்தக்காரர் ஒருவரின் காரில் இதே சென்சர் வயரில் பிரச்சினை. பற்றரித் தட்டைத் தூக்கினோம், வயர் வெளியில் பார்க்க எந்தக் குறையும் இல்லை. சொக்கெட்டுக்குள் பச்சைத் தூள் படிந்திருந்தது, அதற்கு இரண்டு விரல்கடை தள்ளி வயரை அமத்தினால் நொய்ந்து கிடந்தது, உரித்தால் உள்ளே செம்பு கறுத்துப்போய்க் கையோடு உதிர்ந்தது. கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிக்கு உப்புக் காற்றும் பற்றரி அசிட்டும் சேர்ந்தால் இப்படித்தான். கெட்ட துண்டை, பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, புது வயர் வைத்துச் சொல்டர் பண்ணி, சூடு காட்டினால் சுருங்கும் பசை ரியூப் போட்டு மூட வேண்டும். வெறும் இன்சுலேஷன் ரேப் சுற்ற விடாதீர்கள், அது ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

சென்சர்தான் என்றால் செசி நம்பரைக் கொடுத்து அதே பார்ட் நம்பர் உள்ளதை வாங்குங்கள். இரண்டு வயர்ச் சென்சர் எல்லாம் பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும், தடைக் கணக்கு வேறு.

உங்கள் கார் ஹைபிரிட் என்றால் ஒரு எச்சரிக்கை. பி 0ஏ9பி, பி 0ஏ9சி, பி 0ஏ9டி போன்ற இலக்கங்கள் காரை ஓட்டும் பெரிய பற்றரியின் சூட்டுச் சென்சரைப் பற்றியவை. டொயோட்டா அக்குவாவின் முதல் மொடலில் அந்தப் பற்றரி 144 வோல்ட். செம்மஞ்சள் வயர் போகும் இடத்தில் நீங்கள் கை வைக்கவே கூடாது, பழக்கப்பட்டவர் செய்யட்டும்.

அப்புறம் அந்தப் புதுப் பற்றரிக் காசு. பில் இருக்கிறதா? கழற்றிய பழைய பற்றரி எங்கே? இரண்டையும் கேளுங்கள். பழையது சார்ஜ் பிடிக்கிறது என்று வேறு இடத்தில் சோதித்து எழுதி வாங்கிக்கொண்டு, முதலில் அந்தக் கராஜோடு தன்மையாகக் கதையுங்கள். சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், வேலை செய்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மாதம் போய்விட்டது.