டபராவுக்கும் கப்புச்சினோவுக்கும் ஒரே கணக்கு

வாசகர் கேள்வி – பதில்

செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய காபிக் கேள்விகளுக்கு, கொட்டை வறுத்து அரைக்கும் தொழிலில் இருப்பவர்கள் இந்த இதழில் பதில் சொல்கிறார்கள்.

கே: மதுரை, திருச்சி போனால் பிள்ளைகள் செயின் காபிக் கடைக்குத்தான் இழுக்கிறார்கள். கப் பெரிசு, வாயில் பால்தான் தெரிகிறது. இத்தாலி போய்வந்த மகனோ, அங்கே சின்னக் கப்பில் கொடுத்த கப்புச்சினோ நம் வீட்டுக் காபி மாதிரியே இருந்தது என்கிறான். ஐரோப்பாக் காபிதான் உசத்தியா? தனிக்கடைக் காபி எப்படி?
– சித., காரைக்குடி

ப: உங்கள் மகன் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கணக்குப் போட்டால் உங்களுக்கே தெரியும்.

இத்தாலியில் எஸ்பிரெஸோவுக்கென்று (மெஷின் அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபி) வகுத்து வைத்திருக்கும் அளவு இது: 7 கிராம் தூள், 9 பார் அழுத்தம், 25 வினாடி, கப்பில் இறங்குவது 25 மில்லி. அதோடு 100 மில்லி பாலை நுரைக்க வைத்துச் சேர்த்தால் கப்புச்சினோ. ஆக 7 கிராம் தூளுக்கு மொத்தம் 125 மில்லி. இப்போது நம் ஃபில்டருக்கு வாருங்கள். 30 கிராம் தூளுக்கு 200 மில்லி தண்ணீர் ஊற்றினால், தூள் தன் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு தண்ணீரைக் குடித்துக்கொண்டு, 140 மில்லி டிகாக்‌ஷன் தரும். ஒரு டம்ளருக்கு 30 மில்லி டிகாக்‌ஷன், 90 மில்லி பால் என்றால், ஆறரை கிராம் தூளுக்கு 120 மில்லி காபி. இரண்டும் அநேகமாக ஒரே விகிதம். (சிக்கரி கலந்த தூளாக இருந்தால் அந்த ஆறரை கிராமில் காபி குறையும். நிறத்தையும் கெட்டித்தன்மையையும் சிக்கரி ஈடுகட்டிவிடும், மணத்தை ஈடுகட்டாது.)

செயின் கடையில் சாதாரணமாக வாங்கும் லாட்டே (எஸ்பிரெஸோவில் நிறையப் பால் சேர்த்தது) 350 மில்லி. அதில் ஒரே ஒரு ஷாட், அதாவது ஒரு அளவு எஸ்பிரெஸோ என்றால் 7 முதல் 9 கிராம் தூள். டம்ளர் காபியில் போடும் தூளை மூன்று டம்ளர் அளவுக்கு நீட்டிய மாதிரி. வாயில் பால் தெரியாமல் என்ன செய்யும்? கொட்டையைக் குறை சொல்ல இதில் இடமில்லை. 2012-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்டார்பக்ஸ்கூட இங்கே குடகில் டாடா வறுத்துத் தரும் இந்தியக் கொட்டையைத்தான் பயன்படுத்துகிறது. அடுத்த முறை இருப்பதிலேயே சின்னக் கப்பைக் கேளுங்கள், இரண்டு ஷாட் போடச் சொல்லுங்கள், சிரப் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதே கடையில் வேறு காபி கிடைக்கும்.

செயின் கடைக்கு உள்ள பலம், எந்த ஊரில் குடித்தாலும் ஒரே ருசி. அரவை, சூடு, நேரம் எல்லாம் பெரும்பாலும் மெஷினிலேயே பூட்டியிருக்கும். நேற்றுச் சேர்ந்த பையன் போட்டாலும் பெரிதாகக் கெடாது. அதற்குக் கொடுக்கும் விலை, ஆழ்ந்த வறுவல். கொட்டையைக் கருக வறுத்துவிட்டால் இந்த மலைக் காபிக்கும் அந்த மலைக் காபிக்கும் வித்தியாசம் தெரியாது. ருசி மாறக் கூடாது என்பவர்களுக்கு அதுதான் வசதி.

தனிக்கடை அப்படியல்ல. அங்கே மிக நல்ல காபியும் கிடைக்கும், மிக மோசமான காபியும் கிடைக்கும். வாங்குவதற்கு முன் கவுண்டரில் நின்று நாலு விஷயம் பாருங்கள். பாக்கெட்டில் வறுத்த தேதி இருக்கிறதா? ஒவ்வொரு கப்புக்கும் புதிதாக அரைக்கிறார்களா? பால் நுரைக்கும் நீராவிக் குழாயை ஒவ்வொரு தடவையும் துடைக்கிறார்களா? மிச்சமான பாலையே திரும்பச் சூடேற்றுகிறார்களா? கடைசி இரண்டில் கோட்டை விட்டால் மெஷின் எத்தனை லட்சம் என்றாலும் பிரயோஜனமில்லை. குழாயில் காய்ந்து ஒட்டிய பால் அடுத்த கப்பில் நாறும். பாலுக்கு 60 – 65 டிகிரி போதும். 70-ஐத் தாண்டினால் இனிப்பு குன்றி, காய்ச்சிய வாடை வரும். ஷாட் இறங்கும் நேரத்தையும் கவனியுங்கள். பன்னிரண்டு வினாடியில் கொட்டித் தீர்ந்தால் அரவை கொரகொரப்பு, காபி புளிக்கும். நாற்பதைத் தாண்டிச் சொட்டினால் அரவை நைஸ், கசக்கும்.

‘ஐரோப்பாக் காபி’ என்று ஒன்று கிடையாது. நேப்பிள்ஸ் பக்கம் ரோபஸ்டா என்ற கெட்டியான காபி வகையைக் கலந்து கறுக்க வறுப்பார்கள். நார்வே, சுவீடன் பக்கம் இளவறுவலில் பால் விடாமல் குடிப்பார்கள். பிரான்சில் தெருவோரக் கடைகளில் சுமாரான காபிதான் வெகுகாலமாக வாடிக்கை. பாரிஸில் ஒரு கப் குடித்துவிட்டு ஐரோப்பாவைத் திட்டுபவர்களும், மிலானில் ஒரு கப் குடித்துவிட்டு நம் ஊரைத் திட்டுபவர்களும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்.

கே: நல்ல காபியெல்லாம் இத்தாலிக்குக் கப்பல் ஏறிவிடுகிறது, நமக்குக் கிடைப்பது கழிவு என்கிறார்களே, நிஜமா?
– ஒரு வாசகர், புதுவயல்

ப: பாதி நிஜம். இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது, அதை அதிகம் வாங்கும் நாடு இத்தாலிதான். நம் ரோபஸ்டாவை அவர்கள் எஸ்பிரெஸோக் கலவையில் சேர்ப்பது மேலே நிற்கும் பொன்னிற நுரைக்காகவும் கெட்டித்தன்மைக்காகவும். காஃபீனும் அராபிகா என்ற இன்னொரு வகையைவிட அதில் ஏறக்குறைய இரண்டு பங்கு. அதனால் ரோபஸ்டா என்றாலே மட்டம் என்று ஒதுக்காதீர்கள். பழத்தின் தோலுரித்துக் கழுவி உலர்த்திய ரோபஸ்டா ‘பார்ச்மென்ட்’, பழத்தோடு உலர்த்தியது ‘செர்ரி’. இரண்டுக்கும் ருசியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உடைசலும் கறுப்புக் கொட்டையும் உள்ளூரிலேயே தங்கி, கருக வறுத்து, சிக்கரியை அள்ளிப் போட்ட தூளாகத் திரும்பி வருவதும் உண்டு. தப்பிக்க வழி சுலபம். அரவைக் கடையில் அரைக்கும் முன் கொட்டையை உள்ளங்கையில் போடச் சொல்லுங்கள். ஒரே அளவு, ஒரே நிறம், உடைசல் குறைவு என்றால் வாங்கலாம். ‘பீபெரி’ என்று சொல்லி விலையை ஏற்றினால் மயங்க வேண்டாம். பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்தால் பீபெரி, அவ்வளவுதான். உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும். மற்றபடி நல்ல தோட்டத்து ‘பிளான்டேஷன் ஏ’ (கழுவி உலர்த்திய அராபிகாவில் பெரிய கொட்டை) அதற்கு இளைத்ததில்லை. பாக்கெட் தூள் வாங்கினால் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். 51-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும் பாக்கெட்டை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

கே: எங்கள் வீட்டில் அந்தக் காலத்துப் பித்தளை ஃபில்டர் இருக்கிறது. ராத்திரி போட்டால் காலையில்கூட டிகாக்‌ஷன் இறங்கவில்லை. பித்தளையில் காபி போடலாமா என்றும் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

ப: ஆச்சி, முதலில் மேல் பாத்திரத்தை லேசாகத் திருகித் தூக்கி, திரும்ப வையுங்கள். பழைய ஃபில்டர்கள் கச்சிதமாகப் பொருந்தும். கீழே அடைபட்ட காற்று வெளியேற வழியில்லாவிட்டால் டிகாக்‌ஷன் அந்தரத்தில் நின்றுவிடும். பாதிப் புகார் இதிலேயே தீர்ந்துவிடும்.

அதற்கும் இறங்கவில்லை என்றால் தூளைப் பாருங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் மைதா மாதிரி வழுக்கக் கூடாது. பொடி ரவையைவிடச் சற்று நைஸாக, விரலில் நெருடவேண்டும். சிக்கரி அதிகமானாலும் தண்ணீர் பட்டதும் ஊறிப் பசையாகி ஓட்டையை அடைக்கும். காம்புள்ள தட்டைத் தூளின்மேல் சும்மா வைத்தால் போதும், அழுத்த வேண்டாம். தண்ணீர் கொதித்ததும் இறக்கி அரை நிமிடம் விட்டு, முதலில் தூள் நனையும் அளவுக்கு ஊற்றி, அது உப்பி அடங்கியபின் மீதியை ஊற்றுங்கள். 15 – 20 நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும். ராத்திரியே போட்டு வைப்பதில் லாபமில்லை. மணம் விடிவதற்குள் போய்விடும்.

ஓட்டை அடைத்துக்கொண்டால் எவர்சில்வர் ஃபில்டரைத் தணலில் காட்டித் தட்டுவார்கள். அதை உங்கள் ஃபில்டருக்குச் செய்யாதீர்கள். உள்ளே பூசிய வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். சமையல் சோடா கரைத்த வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, மெல்லிய ஊசியால் குத்தி எடுங்கள். பூச்சு முழுசாக இருக்கும்வரை பித்தளையில் காபி போடலாம். உள்பக்கம் எங்காவது மஞ்சள் தெரிந்தால் நிறுத்திவிட்டு ஈயம் பூசக் கொடுங்கள். பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் கலந்தால் விஷம்.

கே: சம்பை ஊற்றுத் தண்ணீரில் போட்டால் வரும் ருசி, தேவகோட்டையில் கேன் தண்ணீரில் போட்டால் வருவதில்லை. தூள் ஒன்றுதான்.
– பழ., தேவகோட்டை

ப: காபியில் பெரும்பங்கு தண்ணீர்தானே. வடிகட்டும் மெஷின் உப்பையெல்லாம் எடுத்துவிட்டால், காபியின் புளிப்பை மட்டுப்படுத்தத் தண்ணீரில் ஒன்றும் மிச்சமிருக்காது. காபி வெடுக்கென்று இருக்கும். நேரெதிராக, உப்பு ஏறிய போர் தண்ணீரில் புளிப்பு மொத்தமும் அடங்கி, சுண்ணாம்பு வாடையோடு சப்பென்று ஆகும். கரைந்த உப்பின் அளவு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 75 முதல் 250 மில்லிகிராம் வரை இருந்தால் காபிக்கு நல்லது. 150 பக்கம் இருந்தால் உத்தமம். வீட்டு மெஷினில் இதைக் கூட்டிக் குறைக்கும் திருகு பெரும்பாலும் இருக்கும், சர்வீஸுக்கு வருபவரிடம் சொன்னால் வைத்துக் கொடுப்பார். கேன் தண்ணீர் என்றால் அதோடு கொஞ்சம் நல்ல குழாய்த் தண்ணீரைக் கலந்து பாருங்கள்.

கே: மகள் சுவீடனிலிருந்து அனுப்பிய காபி புளிக்கிறது. பால் விட்டால் திரிகிறது. கெட்டுப்போனதா?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

ப: கெடவில்லை. அது இளவறுவல், பால் விடாமல் குடிக்க வறுத்தது. புளிப்புச் சத்து அதிகம் இருப்பதால், பால் கொஞ்சம் பழசாக இருந்தாலும் திரியும். லிட்டருக்கு 60 கிராம் கணக்கில், காகித வடிகட்டியில் மூன்று நான்கு நிமிடத்தில் இறக்கி, கறுப்பாகவே குடித்துப் பாருங்கள். எலுமிச்சை, பழவாசம் எல்லாம் அதில்தான் தெரியும். பிடிக்காவிட்டால் பாதகமில்லை. நம் நாக்குக்குப் பழக்கம் வேறு.

கே: கல்யாணத்துக்கு ‘எஸ்பிரெஸோ’ ஸ்டால் வைக்கச் சொல்கிறார்கள். 200 பேர். வைக்கலாமா?
– மெய்., கண்டனூர்

ப: கல்யாண ஸ்டாலில் கிடைப்பது பெரும்பாலும் எஸ்பிரெஸோவே அல்ல. இன்ஸ்டன்ட் தூளையும் சர்க்கரையையும் பாலில் போட்டு, பாய்லர் நீராவியால் நுரைக்கவிட்டு, மேலே கோக்கோ தூவுவார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஃபில்டர் காபி தனியாகப் போடுங்கள். ஒரு கிலோ தூளுக்கு ஆறரை லிட்டர் தண்ணீர், துணி வடிகட்டியில் நாலரை லிட்டர் டிகாக்‌ஷன் இறங்கும். அது 150 டம்ளருக்குக் காணும். 200 டம்ளருக்கு ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேலே தூள், 18 லிட்டர் பால். காலையில் இரண்டு தடவை குடிப்பவர்களுக்குக் கூடுதலாகக் கணக்கு வையுங்கள்.

சமையல்காரர்கள் விடியற்காலை நாலு மணிக்கே மொத்தத்தையும் இறக்கி அடுப்பில் ஏற்றி வைப்பார்கள். இடைப்பலகாரத்துக்கு உட்காரும் நேரத்தில் அது கசாயம். இரண்டு தவணையாக இறக்கச் சொல்லுங்கள். டிகாக்‌ஷன் பாத்திரத்தை நேரே தீயில் வைக்காமல் சுடுதண்ணீர் அண்டாவுக்குள் வையுங்கள்.

கே: கொட்டை வாங்கி மிக்ஸியில் அரைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, கோட்டையூர்

ப: மிளகாயும் சோம்பும் அரைக்கும் ஜாரில் கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் ரப்பர் வளையத்தில் வாசனை நிற்கும், காபி அதை இழுத்துக்கொள்ளும். தனி ஜார் இருந்தாலும் மிக்ஸி பாதியை மாவாக்கும், பாதியைக் குருணையாக விடும். கையால் சுற்றும் பர் கிரைண்டர் (இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவே நசுக்கி அரைப்பது) நல்லது. இல்லையென்றால் அரவைக் கடையிலேயே ஒரு வாரத்துக்கு 200 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். இறுக மூடிய டப்பாவில், மசாலா சாமான்கள் இருக்கும் அலமாரிக்கு வெளியே வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம். எடுத்து எடுத்து வைக்கும்போது ஈரம் ஏறும்.

கே: அடுப்பில் வைத்து நீராவி அழுத்தத்தில் காபி இறக்கும் மோக்கா பாட் பரிசாக வந்தது. நம் ஃபில்டர் தூளைப் போட்டால் மூடி இடுக்கில் நீராவி சீறுகிறது, காபி கசக்கிறது.
– ஒரு வாசகர், திருப்பத்தூர்

ப: சிக்கரித் தூள் அதற்கு ஆகாது. ஊறி அடைத்துக்கொள்வதால்தான் நீராவி வேறு வழி தேடுகிறது. உடனே நிறுத்துங்கள். சிக்கரி இல்லாத தூள், ஃபில்டர் பதத்திலேயே அரைத்தது, கூடை நிறையப் போட்டு மட்டப்படுத்துங்கள், அமுக்காதீர்கள். கீழ்ப் பகுதியில் பக்கவாட்டு வால்வுக்குக் கீழே நிற்கும்படி வெந்நீர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது சூடேறும்வரை தூள் சூட்டில் கிடந்து கசக்கும். சிறு பர்னரில் சிறு தீ. குழாயில் குமுறல் சத்தம் ஆரம்பித்ததும் இறக்கி, அடியை ஈரத்துணியில் வைத்துவிடுங்கள். கடைசியில் வருவது கசப்பு மட்டும்தான். அடுப்புத் தாங்கியின் கைகள் அகலமாக விரிந்திருந்து பாட் சாய்ந்தால் கம்பி வலைத் தட்டு ஒன்று வாங்கி மேலே போடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியப் பாட் சூடேறாது. இவ்வளவும் செய்தபின் இன்னும் சீறினால் நடுவில் உள்ள ரப்பர் வாஷர் காய்ந்திருக்கும். அளவு சொல்லி வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.