வீட்டில் தயாரித்த பயோடீசலை ஏன் வடிகட்ட வேண்டும்?

பயன்படுத்திய சமையல் எண்ணெயுடன் மெத்தனால் என்ற ஆல்கஹாலும் காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்துத் தயாரிக்கும் எரிபொருளே பயோடீசல். அடியில் தங்கும் கிளிசரினைப் பிரித்து, நீரால் கழுவி, உலர்த்திய பிறகும் அதில் நுண்துகள்கள் மிதக்கும்; அவற்றை நீக்கவே வடிகட்டுகிறோம். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் உள் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனோ சுமார் 70 மைக்ரான்! துணியில் வடித்த காபியிலும் டம்ளரின் அடியில் வண்டல் தங்குகிறதல்லவா? ஆகவே துணி போதவே போதாது. கடைசி வடிகட்டி 5 மைக்ரானோ அதைவிட நுண்ணியதோ இருக்கட்டும். நன்றாக ஆறிய பிறகே வடிகட்டுங்கள். சூட்டில் கரைந்து மறைந்திருக்கும் மெழுகு போன்ற பொருள்கள் குளிர்ந்தால்தான் வெளிப்படும்.

வடிகட்டினால் கழுவவோ உலர்த்தவோ தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் காபியில் கரைந்த சர்க்கரையைப் போல, பயோடீசலில் கரைந்த மெத்தனாலும் நீரும் வடிகட்டியில் நிற்காமல் இறங்கிவிடும்.