மல்பெரி மரத்தடியில் ஐந்து மணி நேரம்

கேள்வி: நண்பர்களோடு திறந்தவெளியில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் நீங்கள் சாப்பிட்ட மறக்க முடியாத மதியச் சாப்பாடு எது?

2019 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. தெற்கு இத்தாலியில், லோக்கொரொத்தொந்தோ என்ற ஊருக்கு வெளியே ஒரு மல்பெரி மரத்தடி. மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்தோம். எழுந்தபோது மணி ஆறு.

நான் அப்போது பாரி நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூன் 2 இத்தாலியின் குடியரசு நாள். மன்னராட்சி வேண்டுமா வேண்டாமா என்று 1946-ல் அந்தத் தேதியில்தான் மக்களிடம் வாக்கெடுப்பு தொடங்கியது. எங்கும் விடுமுறை. அலுவலக நண்பன் ஒருவன் தன் குடும்பத்தின் தோட்ட வீட்டுக்கு எங்கள் நான்கு பேரைக் கூப்பிட்டிருந்தான். காரில் ஒரு மணி நேரப் பயணம்.

அந்தப் பகுதிக்கு இத்ரியா பள்ளத்தாக்கு என்று பெயர். பேர்தான் பள்ளத்தாக்கு, பார்த்தால் மெல்ல ஏறி இறங்கும் சிவப்பு மண் பூமி. ஆலிவ், பாதாம், திராட்சை, நடுவில் இடுப்பளவு கல் சுவர்கள். அங்கங்கே துருல்லோ எனப்படும் கூம்புக் கூரை வீடுகள். சாந்தே பூசாமல் சுண்ணாம்புக் கல்லைக் கல்மேல் அடுக்கிக் கட்டியவை. பக்கத்து ஊரான அல்பெரொபெல்லோவில் இந்த வீடுகள் தெருத்தெருவாக இருப்பதால் யுனெஸ்கோ 1996-ல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நண்பன் குடும்பத்துக்கு இருந்ததும் ஒரு துருல்லோதான், மூன்று கூம்புகள். அதன் முன்னால் மரத்தடியில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு ஒரே துணி விரித்திருந்தார்கள்.

எங்களோடு வந்தவர்களில் ஒருவன் சலெந்தோக்காரன், அதாவது வரைபடத்தில் காலணி மாதிரி இருக்கும் இத்தாலியின் குதிகால் முனையைச் சேர்ந்தவன். எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் அவன் கையில் ஒரு ஆலிவ் எண்ணெய் டின் இருக்கும். சொந்தத் தோட்டத்து எண்ணெய், ஐந்து லிட்டர். அன்றைக்கு ஒரு பெட்டி செர்ரிப் பழம் கொண்டு வந்திருந்தான். நான் அதைக் கவனித்தேன், ஆனால் காரணம் கேட்கவில்லை.

முதலில் வந்தது ஃப்ரிசெல்லா. இரண்டு முறை சுட்டெடுத்த, கல் மாதிரி இருக்கும் ரொட்டி வளையம். அதைத் தண்ணீரில் சில நொடி முக்கி எடுத்து, தக்காளியைப் பிழிந்து, உப்பும் ஒரேகானோவும் தூவி, மேலே எண்ணெயை ஊற்ற வேண்டும். எவ்வளவு நேரம் முக்குவது என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை. நண்பனின் அப்பா எண்ணெயை ஊற்றிய விதத்தைப் பார்த்தால் நம் ஊரில் பருப்புச் சோற்றில் நெய் விடும் பாட்டிகள் நினைவுக்கு வருவார்கள். போதும் என்று சொன்ன பிறகு இன்னும் ஒரு சுற்று.

நான் சைவம். இத்தாலியில் என்ன சாப்பிடுவாய் என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள். பாரியும் லோக்கொரொத்தொந்தோவும் இருக்கும் பூலியா மாநிலத்தில் அது பிரச்சினையே இல்லை. இறைச்சிக்கு வழியில்லாத உழவர்களின் சமையல்தான் அங்கே அடிப்படை: கோதுமை, கீரை, பயறு, எண்ணெய். (பாலாடைக்கட்டியில் மட்டும் கவனம் வேண்டும். பார்மிஜானோ, பெக்கொரினோ எல்லாம் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்த்து உறைய வைப்பவை.)

அடுத்து பாட்டி செய்த ஃபாவாவும் சிக்கோரியாவும். பாட்டிக்கு அப்போது 84 வயது. எல்லோரும் நொன்னா என்று கூப்பிட, நானும் அப்படியே கூப்பிட்டேன். மொச்சையைவிடப் பெரிய ஃபாவாப் பயறு, தோல் நீக்கிக் காய வைத்தது. அதை மணிக்கணக்கில் வேகவிட்டு, கடைந்து, பக்கத்தில் வெந்த கசப்புக் கீரையை வைத்து, மேலே எண்ணெய். முதல் வாயிலேயே எனக்கு வீட்டுப் பருப்புக் கடைசல் ஞாபகம் வந்தது. கீரையின் பெயர் சிக்கோரியா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஃபில்டர் காபிப் பொடியில் கலக்கிற சிக்கோரி இந்தச் செடியின் வேர்தான். நொன்னாவிடம் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "போர்க்காலத்தில் காபி கிடைக்காமல் அந்த வேரைத்தான் வறுத்துக் குடித்தோம். நீங்கள் விரும்பியா குடிக்கிறீர்கள்?" என்றார். ஆமாம், அது இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் காபியே இறங்காது என்றேன். அப்புறம் அரை மணி நேரம் போர்க்காலச் சமையலைப் பற்றித்தான் பேச்சு. அவருடைய அம்மா 1946-ல் வாக்களித்துவிட்டு வந்த கதையும் அதில் வந்தது.

அந்த அரை மணியில் மேசைக்கு வேறு எதுவும் வரவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. எனக்குப் புதிதாக இருந்தது அதுதான். நம் விருந்தில் எல்லாம் ஒரே நேரத்தில் இலைக்கு வந்துவிடும். கல்யாணமென்றால் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பார்கள். அந்த நெருக்கடிக்கும் ஓர் அழகு உண்டு, மறுக்கவில்லை. இங்கே ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது வரும், இடையில் இருக்கும் நேரம் முழுக்கப் பேச்சுக்கு. இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. நொன்னா பரிமாறிவிட்டு உள்ளே போகவில்லை. மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து எங்களோடு சாப்பிட்டார். தட்டுகளை எடுத்தது பேரன்.

பிறகு ஒரெக்கியெத்தே என்ற பாஸ்தா வந்தது. சின்னக் காது என்று பொருள். ரவை போன்ற கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும், முட்டை இல்லை. கத்தி முனையால் பலகையில் இழுத்து, கட்டைவிரலில் திருப்பிப் போடுவது. அன்று காலையில் நொன்னா செய்தது. மற்றவர்களுக்கு அப்பா பொம்பெத்தே சுட்டார், பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய பன்றி இறைச்சி.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஒரு கிண்ணம் நிறையப் பச்சைக் காய்கள் வந்தன. செலரித் தண்டு, பரத்தியேரே. இந்தப் பரத்தியேரே முலாம்பழத்தின் இனம், பிஞ்சிலேயே பறித்து வெள்ளரிக்காய் மாதிரி கடித்துத் தின்பார்கள். சாப்பாட்டின் கடைசியில் வாயைச் சுத்தப்படுத்த என்று சொல்கிறார்கள். உண்மையில் அது மேசையை விட்டு யாரையும் எழவிடாமல் செய்யும் ஏற்பாடு. கை ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டே இருக்கும், பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். செர்ரிப் பழங்களும் தண்ணீரில் மிதந்தபடி வந்தன.

மணி நான்கு இருக்கும். தெற்கில் அந்த நேரத்துக்கு கொன்த்ரோரா என்று ஒரு சொல்லே உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய, தெருவில் யாரும் நடமாடாத வெயில் பொழுது. நொன்னா உள்ளே படுக்கப் போய்விட்டார். இரண்டு பேர் நாற்பது சீட்டுக் கட்டை எடுத்து ஸ்கோப்பா ஆட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் சலெந்தோ நண்பன் ஒரு துண்டு ரொட்டியைத் தட்டில் மிச்சமிருந்த எண்ணெயில் தோய்த்து, வாயில் போடாமல் முகர்ந்து பார்த்தான். "எங்கள் மரங்களெல்லாம் போய்விட்டன" என்றான்.

சைலெல்லா என்ற பாக்டீரியா பற்றிச் செய்திகளில் படித்திருந்தேன். 2013-ல் சலெந்தோவின் கல்லிப்போலி அருகே ஆலிவ் மரங்களில் முதலில் கண்டுபிடித்தார்கள். சாற்றை உறிஞ்சும் ஒரு சின்னப் பூச்சி மரத்துக்கு மரம் அதைக் கொண்டுபோகிறது. வேரிலிருந்து நீரை ஏற்றும் குழாய்கள் அடைபட்டு, மரம் நின்ற நிலையில் காய்ந்துவிடும். சலெந்தோவில் லட்சக்கணக்கான மரங்கள் அப்படிப் போயின, நூற்றாண்டுகளாக நின்றவை உட்பட. ஆனால் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் இரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவன் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாத்தா 86 வயதில் தோப்புக்குப் போவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னான். வெட்டிய மரங்களை விறகுக்காரர் எடுத்துப்போன நாளில் தான் பாரியில் ஒரு கூட்டத்தில் இருந்ததாகவும் சொன்னான். சீட்டாட்டம் தானாக நின்றது.

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. நண்பனின் அப்பா மட்டும் கேள்விகள் கேட்டார். எந்த ரகம், எத்தனை மரம், நோயைத் தாங்கும் புது ரகம் நட்டீர்களா என்று. மரம் வளர்ப்பவர் மரம் வளர்த்தவனிடம் கேட்கும் கேள்விகள். தன் தோட்டத்தில் புல் பூண்டு இல்லாமல் உழுது போட்டிருப்பதைக் காட்டினார். அந்தப் பூச்சியின் குஞ்சுகள் வசந்த காலத்தில் புல்லில்தான் இருக்கும், அப்போதே உழுதுவிட்டால் எண்ணிக்கை குறையும். நோய் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது, அவருக்கும் பயம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டு எழுந்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது. நான்காவது மணி நேரத்தில்தான் அது வெளியே வந்தது.

பயணியாகப் போகிறவர்கள் கேட்பீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்த வீடு இல்லையென்றால் அக்ரிதுரிஸ்மோ என்ற பலகையைத் தேடுங்கள். 1985 முதல் இதற்கென்று தேசியச் சட்டமே இருக்கிறது, உண்மையில் விவசாயம் நடக்கும் பண்ணைதான் அந்தப் பெயரில் விருந்தினருக்குச் சாப்பாடு போட முடியும். முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு மணிக்குப் போங்கள். மாலைக்கு வேறு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நாங்கள் கிளம்பும்போது நொன்னா எழுந்து வந்து வாசலில் நின்றார். நண்பனின் அப்பா கொட்டகைக்குள் போய் ஐந்து லிட்டர் டின் ஒன்றை எடுத்து வந்து, ஒன்றும் சொல்லாமல் சலெந்தோ நண்பனின் கையில் கொடுத்தார். அவன்தான் கார் ஓட்ட வேண்டும். வளைவுகளில் உருண்டுவிடக் கூடாதென்று பாரி வரைக்கும் நான் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.