'ஸ்பேஸ்' படிப்புக்காக நகையை அடகு வைக்கலாமா?

ஐயா, வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் விண்வெளித் தொலைநோக்கி செய்யப் போவதாகச் சொல்கிறாள். நீங்களோ பெயரில் 'ஸ்பேஸ்' ஒட்டிய பட்டப்படிப்புக்கு நன்கொடை கட்ட நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

தொலைநோக்கியைக் கட்டுபவர்களில் வானியல் படித்தவர்கள் ஒரு பகுதிதான். ஒளியைத் திரட்டும் ஆடியை (கண்ணாடியை) தாங்கும் சட்டகம் வெயிலிலும் குளிரிலும் அளவு மாறாமல் பார்த்துக்கொள்பவர் மெக்கானிக்கல் படித்தவர். உணர்கருவி தரும் சமிக்ஞையை வாங்குபவர் எலக்ட்ரானிக்ஸ்காரர். சூரியனை ஆராயும் இந்திய விண்கலமான ஆதித்யா-எல்1இன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையில் பிறந்தவர். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். கலந்தாய்வில் கிடைக்கும் நல்ல அரசுக் கல்லூரியே இதற்குப் போதும். ஜேஇஇ அட்வான்ஸ்டில் நல்ல இடம் பிடித்தால், திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறையின் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டி இருக்கிறது. இயற்பியல்தான் என்று பிடிவாதம் பிடித்தால் எம்.எஸ்சி. முடித்து ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி, பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் போன்ற இடங்களில் முனைவர் பட்டத்துக்குச் சேரலாம். ஆதித்யாவின் முக்கியக் கருவியான, சூரியனின் வெளி வளிமண்டலத்தைப் பார்க்கும் வெல்க், அந்த நிறுவனம் உருவாக்கியதுதான். நாசா கனவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அங்கே நேரடி அரசுப் பணிக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும்.

கல்லூரியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஹப்பிள் தொலைநோக்கி 1990 ஏப்ரலில் மேலே போனது. வந்த படங்கள் மங்கல். காரணம், 2.4 மீட்டர் ஆடியைத் தேய்க்கும்போது சரிபார்த்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. கருவி தப்பாகச் சொல்ல, ஆடியும் அதற்கேற்ப மிகத் துல்லியமாகத் தப்பாகவே உருவானது. இதில் எனக்கு ஆறாத விஷயம், வேறு எளிய சோதனைகள் அப்போதே பிழையைக் காட்டியிருந்தன என்பதுதான். அவை அவ்வளவு துல்லியமானவை அல்ல என்று ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. ஆதித்யா இருப்பது 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில். அங்கே ஸ்பேனரோடு யாரும் போக முடியாது.

நம் பள்ளி ஆய்வகத்தில் என்ன நடக்கிறது? திருகு அளவியில் கம்பியின் விட்டத்தை அளக்கும் பிள்ளைகளில் பலர் விடையை முதலில் எழுதிவிட்டு, அளவீடுகளைப் பிறகு 'வரவழைக்கிறார்கள்'. நானும் அப்படி மதிப்பெண் வாங்கியவன்தான். உங்கள் மகளின் செய்முறை நோட்டைப் பாருங்கள். ஐந்து அளவீடும் ஒரே எண்ணாக இருக்கிறதா, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறதா? ஒத்துவராத எண்ணை அழித்திருக்கிறாளா, அல்லது பக்கத்தில் கேள்விக்குறி போட்டு மறுபடி அளந்திருக்கிறாளா?

பொறுமையும் வேண்டும். இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கியான ஆஸ்ட்ரோசாட்டுக்கு 2004இல் ஒப்புதல் கிடைத்தது. ஏவியது 2015 செப்டம்பர் 28 அன்று. அந்தப் பதினொரு ஆண்டில் அவளுக்குக் கல்யாணம் எப்போது என்று சொந்தக்காரர்கள் உங்களைத்தான் கேட்பார்கள்.

அடுத்த கடிதத்தில் மதிப்பெண் பட்டியலோடு அந்தச் செய்முறை நோட்டின் ஒரு பக்கத்தையும் நகலெடுத்து அனுப்புங்கள். அழித்து எழுதிய பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை.